தண்ணீர் பீய்ச்சியது, சூடு மட்டும் குறையவில்லை

கரையை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று, படகின் பின்னால் மாட்டியிருக்கும் மோட்டார் அதிகம் சூடானால் வரும் எச்சரிக்கை ஒலி விடாமல் அலறத் தொடங்கியது. அடுத்த நொடியே வேகம் தானாக இறங்கியது, படகின் முன்முனையான அணியம் சட்டென்று தண்ணீரில் உட்கார்ந்தது. படகோட்டும் எவரும் அந்த நேரத்தில் செய்வதைத்தான் நானும் செய்தேன். திரும்பி மோட்டாரின் பின்பக்கம் பார்த்தேன். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீரில் கொஞ்சம் வெளியே வரும் சிறு துவாரம் அங்கே இருக்கும், அதிலிருந்து தண்ணீர் வழக்கம்போல் பென்சில் தடிமனில் வளைந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது. ‘தண்ணீர்தான் வருகிறதே, அப்புறம் எப்படிச் சூடாகும்?’ என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை மூன்று வாரம் அலையவிட்டது.

அன்றைக்குச் செய்ததில் ஒன்று சரியாகவே இருந்தது. உடனே வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஓடவிட்டேன். துவாரத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அப்படிச் சில நிமிடம் ஓடவிடலாம், உள்ளே இருக்கும் சூடு தண்ணீரோடு வெளியேறும். தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு நொடிகூட யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒலி நின்றது. மோட்டாரை அணைத்து மேலே சாய்த்து, தண்ணீர் உறிஞ்சும் வலைத் துளைகளைப் பார்த்தேன். பெரும்பாலும் அங்கேதான் பாலித்தீன் பையோ பாசியோ ஒட்டிக்கொண்டிருக்கும். எதுவும் இல்லை. மறுபடி கிளப்பி மெதுவாக வந்தோம். பாதி வேகம்வரை ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாண்டி முடுக்கியதும் பத்து நிமிடத்தில் மறுபடி அதே அலறல்.

கரைக்கு வந்ததும், மோட்டார் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு அண்ணனிடம் போனேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, “ஆனா தண்ணி நல்லா அடிக்குதுண்ணே” என்று முடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: “தண்ணி வருதுங்கற, சரி. அது எங்கெங்க போயிட்டு வருது?”

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக அந்தத் தண்ணீரைப் பார்த்துவருகிறேன், அது எந்த வழியாக வருகிறது என்று யோசித்ததே இல்லை. அன்றிரவு மோட்டாரின் சர்வீஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் தண்ணீர் போகும் பாதையை வரைந்தேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 40 குதிரைத்திறன். பாதை இதுதான்: கீழே கியர் பெட்டியின் பக்கவாட்டு வலையில் தண்ணீர் நுழைகிறது. அதற்கு மேலே இருக்கும் பம்பில் ரப்பர் இறக்கைகள் கொண்ட இம்பெல்லர், மோட்டாரின் நெடும் தண்டோடு சேர்ந்து சுற்றி, அந்தத் தண்ணீரை நீளமான ஒரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. மேலே போனதும் புகை வெளியேறும் பாதையைச் சுற்றியிருக்கும் அறையைக் குளிர்விக்கிறது. பிறகு சிலிண்டர்களைச் சுற்றி ஏறி, சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்குள் போய், சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்திருந்தால் அதைக் கடந்து, புகையோடு கலந்து கீழே இறங்கிவிடுகிறது. பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர்? என் மோட்டாரில் அது சிலிண்டர்களைத் தொடுவதற்கு முன்பே, பாதையின் தொடக்கத்திலேயே ஒரு சின்னக் கிளையாகப் பிரிந்து வெளியே வந்துவிடுகிறது.

வரைந்து முடித்ததும் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நம்பியிருந்த தண்ணீர், பம்பு வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போகிறதா என்பதைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. எல்லா மோட்டாரும் இப்படி இல்லை, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வந்து பீய்ச்சுபவையும் உண்டு. உங்கள் மோட்டாரில் எப்படி என்பதை ஒருமுறை படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் அந்தத் தண்ணீரைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஆனாலும் முதலில் பம்பைத்தான் திறந்தேன். சூடாகும் மோட்டாரில் இம்பெல்லரைப் பார்க்காமல் மேலே போவது சரியில்லை. கியர் பெட்டியை இறக்குவது பயப்படும் அளவுக்குக் கடினமான வேலை இல்லை. கியர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, போல்ட்டுகளைக் கழற்றினால் மொத்தமும் கீழே இறங்கிவிடும். சில மோட்டார்களில் ஒரு போல்ட் சிறு துடுப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கவனிக்காமல் நெம்பி உடைத்தவர்கள் உண்டு. பம்பைத் திறந்தேன். இறக்கைகள் எல்லாம் முழுதாக இருந்தன, விரலால் மடக்கினால் திரும்பி நிமிர்ந்தன. பம்பின் உட்சுவரிலும் அடித் தகட்டிலும் பள்ளம் விழவில்லை. ஆனாலும் புதிய இம்பெல்லர் போட்டேன். தண்டில் அதைப் பிடித்து நிறுத்தும் அரைவட்டச் சாவியைக் கிரீஸ் தடவி ஒட்டவைத்து, தண்டைச் சுற்றும் திசையிலேயே திருப்பிக்கொண்டு மூடியை அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கும். எல்லாம் முடித்துப் படகை இறக்கி ஓட்டினேன். முழு வேகத்தில் பதினோராவது நிமிடம் மறுபடி அலறல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே இம்பெல்லரை மாற்றியிருந்தேன். அப்போது பழையதில் ஒரு இறக்கை அடியோடு இல்லை, இன்னொன்றின் நுனி போயிருந்தது. புதியதைப் போட்டதும் தண்ணீர் பிரமாதமாக வந்தது, வேலை முடிந்தது என்று மூடிவிட்டேன். பழையதை ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கருவிப் பெட்டியில் போட்டுவைத்தேன். உடைந்த துண்டுகள் எங்கே போயின என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பம்பு ஒரே திசையில்தான் தள்ளும், அதனால் உடைந்தது எதுவானாலும் மேலேதான் போயிருக்க வேண்டும். இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டியது.

அடுத்து தெர்மோஸ்டாட். ஹெட்டின் மேல் மூடியில் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் நடுவே ஒரு சிறு குப்பியில் மெழுகு அடைத்திருக்கிறார்கள். சூட்டில் மெழுகு உருகி விரிய, அது ஊசியைத் தள்ளி வழியைத் திறக்கிறது. சோதிக்க வீட்டிலேயே முடியும். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி ஒன்றை வைத்துச் சூடாக்கினேன். என்னுடையது 50 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி 60-இல் முழுதாகத் திறந்தது. புத்தகத்தில் இருந்த அளவுக்குச் சரியாகவே இருந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கும் இரண்டு பேர் சொன்னார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குளிர்ந்த மோட்டாரில் எரிபொருள் சரியாக எரியாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் கரி படியும், பிளக் நனையும். நான்கு ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கவைக்கும். அதைவிட முக்கியமாக, அடைப்பு எங்கேயோ இருக்கும்போது தெர்மோஸ்டாட்டை எடுத்தால் தண்ணீர் சுலபமான வழியில் கூடுதலாக ஓடும், அடைத்த இடம் அடைத்தபடியே கொதிக்கும். எச்சரிக்கை ஒலி சில நாள் அடங்கியிருக்கலாம், அதற்குள் உள்ளே ஒரு பிஸ்டன் உரசித் தேய்ந்துகொண்டிருக்கும்.

சரி, ஒலியே பொய்யாக இருந்தால்? அதையும் பார்த்தேன். ஹெட்டில் இருக்கும் சூட்டு ஸ்விட்சை எடுத்து, மீட்டரின் இரு முனைகளை இணைத்து, அதே பாத்திரத்தில் அமிழ்த்தினேன். 90 டிகிரியைத் தொடும் முன்பு மீட்டர் முள் சாய்ந்தது. ஸ்விட்ச் நல்ல நிலையில்தான் இருந்தது. அதாவது மோட்டாருக்குள் எங்கேயோ உண்மையாகவே 90 டிகிரியை நெருங்குகிறது.

இதையெல்லாம் கேட்ட அண்ணன் தன் அகச்சிவப்பு வெப்பமானியைக் கொடுத்தனுப்பினார். துப்பாக்கிபோல் நீட்டி அழுத்தினால் எதிரே இருக்கும் பரப்பின் சூட்டைக் காட்டும் கருவி. தரும்போதே எச்சரித்தார்: “பளபளன்னு இருக்கற அலுமினியத்துல நீட்டாத, குறைச்சுக் காட்டும். கறுப்பு டேப்ப ஒட்டிட்டு அதுமேல அளந்து பாரு.” அப்படியே மூன்று சிலிண்டருக்கும் நேராக ஹெட்டில் மூன்று சதுரம் ஒட்டினேன். நண்பன் படகை ஓட்ட, நான் மோட்டார் மூடியை எடுத்துவிட்டு அளந்தேன். மூடி இல்லாத மோட்டாரில் மேலே ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தொளதொளவென்ற சட்டை, கழுத்தில் தொங்கும் துண்டு, அவிழ்ந்த முடி எதுவும் கூடாது. படகு குதிக்கும்போது சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு கையால் நிலையான எதையாவது பிடித்திருக்க வேண்டும்.

மெதுவாக ஓடும்போது மேலிருந்து கீழாக 52, 53, 58. அந்த 58-ஐப் பார்த்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. வேகத்தைக் கூட்டச் சொன்னேன். எட்டு நிமிடம் கழித்து 56, 62, 79. பத்தாவது நிமிடம் முதல் சிலிண்டர் அதே 56-இல் நிற்க, மூன்றாவது 87-ஐத் தொட்டது, ஒலி கிளம்பியது.

மூன்று வாரமாக மோட்டார் முழுவதும் சூடாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த இரண்டு சிலிண்டருக்கும் எந்தக் குறையும் இல்லை, கடைசிச் சிலிண்டர் மட்டும் தாகத்தில் கிடந்திருக்கிறது. படகு மோட்டாரில் சிலிண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் கீழே வடியும், அதிலிருக்கும் மணலும் சேறும் வடியும் வழியில் கீழ் மூலையில் தங்கும். கடைசிச் சிலிண்டர் முதலில் அடைபடுவதில் வியப்பில்லை.

பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உடலை, திறப்பதற்கு முன்னால் ஒரு சுலபமான வழியை முயன்று பார்க்கலாம் என்றார் அண்ணன். வினிகர்.

கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஓட்டிவிட்டு வந்து அப்படியே நிறுத்தினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அந்தச் சூட்டிலேயே வற்றும். வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட் இறங்கும். அடுத்து ஜிப்சம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சாதாரண உப்பு படியும். கடைசியாகப் படிந்த உப்பு நல்ல தண்ணீர் பட்டாலே கரைந்துவிடும். அடியில் இருக்கும் சுண்ணாம்பு அப்படிக் கரையாது. சர்க்கரையைச் சுடுநீரில் போட்டால் கூடுதலாகக் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு: சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். ஆகவே சூடான சுவரைத் தேடிப் போய் ஒட்டும். கடல் நீரை நேராக இழுத்துக் குளிரும் மோட்டார்களில் தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரியிலேயே திறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கார் எஞ்சினில் அது 80-க்கு மேலேதான் திறக்கும், அங்கே சுற்றுவது உப்பு நீர் இல்லை.

இந்தப் பொருக்கு மெல்லியதாக இருந்தாலும் செய்யும் கேடு பெரிது. அலுமினியம் அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் பொருக்கு படிந்தால், அந்த இடத்தில் சிலிண்டர் சுவர் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தடித்துப்போனதற்குச் சமம். தண்ணீர் பக்கத்தில் ஓடினாலும் சூட்டை வாங்கிக்கொள்ள முடியாது. இது ஒருபக்கம் என்றால், பொருக்கு வழியையும் சுருக்குகிறது.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, கியர் பெட்டியை இறக்கி, தண்ணீர் ஏறும் குழாயின் கீழ்முனையில் படகுத் தண்ணீர் இறைக்கும் சின்ன 12 வோல்ட் பம்பின் ஹோஸை மாட்டினேன். ஒரு பெரிய வாளி நிறைய வினிகர். பம்பு அதை மேலே அனுப்ப, அது சுற்றிவிட்டுக் கீழே வாளியிலேயே விழுந்தது. முதல் அரை மணியில் நுரை பொங்கியது. சுண்ணாம்பும் அமிலமும் சேரும்போது வரும் கார்பன் டை ஆக்சைடுதான் அந்த நுரை. வாளி கலங்கி, சாம்பல் நிறமாகி, அடியில் மணல் தங்கியது. நான்கு மணி நேரம் ஓடவிட்டு, நல்ல தண்ணீரால் அலசினேன். இரவு முழுக்க விடலாம் என்று ஆசை வரும், விடக் கூடாது. மெல்லிய அமிலமானாலும் அலுமினியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றும் யோசனை சொல்பவர்கள் பக்கமே போகாதீர்கள். அது பொருக்கைக் கரைக்கும் கையோடு பிளாக்கையும் கரைக்கும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனையும் கிளப்பும்.

மறுபடி ஓட்டி அளந்தேன். 54, 57, 80. கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் போதாது. ஒலி வரவில்லை என்று அதோடு விட்டிருக்கலாம். அந்த 80-ஐ வைத்துக்கொண்டு கரை தெரியாத தூரத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. மற்ற இரண்டும் 60-க்குள் இருக்கும்போது ஒன்று மட்டும் 80 என்றால் உள்ளே வினிகர் கரைக்க முடியாத ஏதோ இருக்கிறது. மணல் வினிகரில் கரையாது. ரப்பரும் கரையாது. அப்போதுதான் கருவிப் பெட்டியில் கிடந்த பழைய இம்பெல்லர் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு முழு இறக்கையும் ஒரு நுனியும் இல்லை. கணக்குப்படி மேலே இரண்டு துண்டுகள் இருக்க வேண்டும்.

புகைப்பாதை மூடியில் பதினாறு போல்ட்டுகள். இந்த வேலையில் அறிவைவிடப் பொறுமைதான் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு போல்ட், அலுமினியப் பிளாக், நடுவே உப்பு ஈரம்: இவை மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, மரையில் இறுகிக் கெட்டியாகிவிடும். அவசரத்தில் முறுக்கினால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். முதல் நாள் மாலையே எல்லாவற்றிலும் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டேன். மறுநாள் ஒவ்வொன்றையும் ஹீட் கன்னால் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, அப்புறம் தளர்த்தும் பக்கம். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அது வந்தால் பிழைத்தோம். வராமல் ஸ்பேனர் பஞ்சுபோல் இளகிச் சுற்றினால் போல்ட் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்தி மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். பதினைந்து போல்ட்டுகள் வந்தன. கீழ் மூலையில் இருந்த ஒன்று உடைந்தது. அதை நடுவில் துளையிட்டு, இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட்டால் எடுக்கவே ஒரு பகல் போனது.

மூடியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பிரித்தேன். மேலே முதல் சிலிண்டரை ஒட்டிய நீர்ப்பாதை சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக, ஆனால் திறந்தே இருந்தது. கீழே வர வர நிறம் மாறியது. மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் வழியில், என் சுண்டுவிரல் நுழைய வேண்டிய இடத்தில், பழுப்பு நிறமாக ஏதோ அடைத்திருந்தது. மூங்கில் குச்சியால் தொட்டேன், ஈர மணல் கட்டிபோல் உதிர்ந்தது. சிப்பித் துணுக்குகள் மின்னின. உதிர்த்துக்கொண்டே போனபோது குச்சி எதிலோ பட்டு எம்பியது. மணலில் பட்டால் எம்பாது. இடுக்கியின் நுனியால் பிடித்து மெதுவாக இழுத்தேன்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு ரப்பர். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது, மறுபக்கத்தில் வெள்ளைப் பொருக்கு ஓடுபோல் ஒட்டியிருந்தது. அது வழியின் குறுக்கே கதவுபோல் சாய்ந்து நின்றிருக்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது பக்கத்து இடுக்கில் போதுமான தண்ணீர் போயிருக்கும். வேகம் கூடி அழுத்தம் ஏறும்போது தண்ணீரே அதைத் தள்ளி வழியை இறுக்கி மூடியிருக்கும். மெதுவாக ஓட்டும்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். அதன் பின்னால் இரண்டு வருடமாக மணல் சேர்ந்து, மணலின் மேல் சுண்ணாம்பு பூசி இறுகியிருக்கிறது.

பழைய இம்பெல்லரை எடுத்து அதன் அடிக்கட்டையில் இந்தத் துண்டை வைத்துப் பார்த்தேன். கிழிந்த விளிம்பின் ஒவ்வொரு பல்லும் பொருந்தியது. இன்னொரு இறக்கையின் நுனி மட்டும் கிடைக்கவில்லை.

அதைத் தேடித்தான் ஹெட்டையும் கழற்றினேன். அண்ணன்கூட, “அது எப்பவோ வெளிய போயிருக்கும்டா தம்பி” என்றார். போயிருக்கலாம். ஆனால் முதல் துண்டு விஷயத்தில் இரண்டு வருடத்துக்கு முன் நானும் அதே போலத்தான் இருந்துவிட்டேன். ஹெட்டைத் திறந்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது: ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அது வெந்துபோயிருந்தால் எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் கசிந்து தானே சூட்டைக் கிளப்பும், பீய்ச்சும் தண்ணீரில் குமிழ் குமிழாக வரும். என்னுடையதில் அந்தத் தடம் எதுவும் இல்லை. மூன்றாவது சிலிண்டரின் சுவரிலும் கோடு விழவில்லை. விரல் நுனியால் இரண்டு முறை தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் துளைகளை ஒவ்வொன்றாகப் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையால் குத்திப் பார்த்தேன். கீழேயிருந்து இரண்டாவது துளையில் இழை நின்றது. மறுபக்கத்திலிருந்து காற்று ஊதியதும் மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துணுக்கு ஒன்று தரையில் விழுந்தது. அதுவும் பொருந்தியது.

சுத்தம் செய்யும்போது இரும்புக் கருவி எதையும் உள்ளே விடவில்லை. மூங்கில் குச்சி, பிளாஸ்டிக் சுரண்டி, நைலான் இழை, பழைய பல் துலக்கி, இவ்வளவுதான். கேஸ்கெட் உட்காரும் பரப்பில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகத் தண்ணீர் கசியும். இறுகிய பொருக்கின்மேல் வினிகரில் நனைத்த துணியை வைத்து, நுரை அடங்கியதும் துடைத்து, மறுபடி வைத்தேன். கடைசியில் ஒரு துளையில் தண்ணீர் ஊற்றி, எந்தெந்தத் துளைகளில் வெளியே வருகிறது என்று பார்த்தேன். என் தாளில் வரைந்திருந்த பாதையோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். எல்லா வழியிலும் தண்ணீர் வந்தது.

மூடுவதற்கு எல்லாம் புது கேஸ்கெட். பழையது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது. போல்ட் மரைகளைத் துடைத்து, கடல் நீருக்கான கிரீஸைத் தடவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, புத்தகத்தில் போட்டிருந்த எண் வரிசையில், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இரண்டு சுற்றில் இறுக்கினேன். பிளாக்குக்குள் இருந்த துத்தநாகக் கட்டைகளும் பாதிக்கு மேல் கரைந்திருந்தன, அவற்றையும் மாற்றினேன். அலுமினியத்துக்குப் பதிலாகத் தாங்கள் அரிபட்டுக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. கழன்று விழும் துணுக்கே பாதையை அடைப்பதும் உண்டு என்பதால் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இனி உப்பை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி இருந்தது. முன்பு நான் மோட்டாரை அணைத்துவிட்டு, அலசுவதற்கென்று இருக்கும் இணைப்பில் ஹோஸை மாட்டி ஐந்து நிமிடம் தண்ணீர் விடுவேன், அவ்வளவுதான். அந்த இணைப்பைப் பெரும்பாலும் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். குளிர்ந்த மோட்டாரில் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும், நல்ல தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது. உள்ளே முழுக்க அலசுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிதான் நடந்திருக்கிறது. இப்போது உறிஞ்சும் வலையின் இருபக்கமும் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு மோட்டாரைக் கிளப்பி, நியூட்ரலில் மெதுவாகப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். வரிசை மாறக் கூடாது. தண்ணீர்தான் இம்பெல்லருக்கு மசகு, அது இல்லாமல் சுற்றினால் சில நொடிகளிலேயே ரப்பர் கருகத் தொடங்கும். தெர்மோஸ்டாட் திறந்ததைக் கையாலேயே உணரலாம்: அதன் மூடிக்கு மேற்பக்கம் குளிர்ந்திருந்தது திடீரென்று வெதுவெதுப்பாகும். அதற்குப் பிறகு ஓடும் தண்ணீர்தான் உண்மையில் உள்ளே அலசுகிறது.

கறுப்பு டேப்புகளை ஹெட்டில் அப்படியே விட்டிருந்தேன். படகை இறக்கி, நண்பனை ஓட்டச் சொல்லி, பழையபடி பின்னால் உட்கார்ந்தேன். மெதுவாக ஓடும்போது 52, 52, 53. முழு வேகத்தில் பத்தாவது நிமிடம் 54, 55, 56. இருபதாவது நிமிடம் மறுபடி அளந்தேன், அதே எண்கள். பின்பக்கம் தண்ணீர் பென்சில் தடிமனில் பீய்ச்சிக்கொண்டிருந்தது, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. வெப்பமானியைப் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். நண்பனிடம், “இன்னும் அரை மணி இப்படியே போ” என்றேன்.